மிளகாய் எரிச்சல் கையிலா, முதுகிலா?

(வானொலியின் உழவர் நிகழ்ச்சியில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மாசி, பங்குனி பிறந்துவிட்டால் கமுதி, முதுகுளத்தூர் பக்கமெல்லாம் களம் முழுக்கச் செக்கச்செவேலென்று மிளகாய்ப் பழம் காயும். முண்டு வத்தலுக்குப் பேர்போன சீமை அது. 2023-ஆம் ஆண்டிலே ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வத்தலுக்குப் பேர் கிடைத்தது சரி. பழம் பறித்து, காயப்போட்டு, காம்பு கிள்ளுகிற கைகளுக்கு என்ன கிடைத்தது? எரிச்சல்தான். அந்த எரிச்சலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தபோது வயதான அம்மா ஒருத்தர் இரண்டு கையையும் என் முன்னாலே நீட்டினார். "பாருங்க தம்பி, ஒரு கொப்புளம் இருக்கா? ஒரு காயம் இருக்கா? ஒண்ணுமில்ல. ஆனா ராத்திரி முச்சூடும் அடுப்புக்குள்ள வச்ச மாதிரி காந்துது. சேலை முந்தி பட்டாக்கூடப் பொறுக்கல. வெந்நி வச்சுக் கழுவினேன், அது இன்னும் மோசமாப் போச்சு. காயமில்லாத கையி எதுக்குத் தம்பி இப்பிடி எரியணும்?"

"ஆத்தா, நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் பெரிய பெரிய விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு மேல மண்டையை உடைச்சுக்கிட்டாங்க" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்துவிட்டார். கேலியில்லை, நிஜம்தான்.

முதலிலே காரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். விதையிலே இருக்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பழத்தைக் கீறிப் பாருங்கள். நடுவிலே விதைகளைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாய் ஒரு சதை இருக்கும். காரம் ஊறுவது அங்கேதான். விதை அதோடு ஒட்டிக் கிடப்பதனாலே அதற்கும் காரம் ஏறிவிடுகிறது. இந்தக் காரச்சத்துக்குக் காப்சைசின் என்று பெயர். 1876-ல் த்ரெஷ் என்கிற இங்கிலாந்து இரசாயன அறிஞர் வைத்த பெயர் அது. இதற்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரிலே கரையாது, எண்ணெயிலே நன்றாகக் கரையும். நம் தோலிலும் எண்ணெய்ப் பசை இருக்கிறது இல்லையா? அதனாலே தண்ணீர் போகாத இடத்துக்கெல்லாம் காரம் போய்விடும். மெல்ல மெல்லத் தோலுக்குள் இறங்கி நரம்பு நுனியைத் தொட்டுவிடும். பகலிலே பறித்தவர்களுக்கு ராத்திரி எரிகிற சங்கதி இதுதான்.

சரி, நரம்பு நுனியைத் தொட்டால் என்ன? அங்கே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, புரதத்தினால் ஆன கதவு. உடம்பிலே சூடு பட்டால் திறந்துகொள்வதற்காகவே அமைந்தது. ஏறக்குறைய 43 டிகிரி சென்டிகிரேடு, அதாவது கை பொறுக்க முடியாத வெந்நீர்ச் சூடு வந்தால், கதவு திறக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். நரம்பு உடனே 'சுடுது, சுடுது' என்று சேதி அனுப்பும். கையை இழுத்துக்கொள்வோம். காப்சைசின் செய்கிற வேலை என்னவென்றால், நெருப்பே இல்லாமல் இந்தக் கதவைத் திறந்துவிடுவது. கள்ளச்சாவி போட்ட மாதிரி. இந்தக் கதவை 1997-ல் அமெரிக்காவிலே சான்பிரான்சிஸ்கோ நகரத்து டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். அதைத் தேட அவர்கள் கையிலெடுத்த கருவியே மிளகாய்க் காரம்தான். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடு உணர்ச்சிக்கான கதவைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியன் என்பவரும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காரம் பட்ட கதவு சாதாரணச் சூட்டுக்கே திறந்துகொள்ளும். அந்த ஆத்தா வெந்நீர் ஊற்றியதும் எரிச்சல் கூடினதற்குக் காரணம் தெரிகிறதா? வெயிலிலே நின்றாலும் இதே கதைதான்.

போகிற போக்கிலே ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்கிறதே, அதற்கு எரியாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எரியாது. பறவைகளுக்கும் அந்தக் கதவு உண்டு, சூட்டுக்குத் திறக்கும். ஆனால் மிளகாய்ச் சாவி அதற்குப் பொருந்தாது. ஆடு, எலி, யானை, மனுஷன் எல்லாருக்கும் பொருந்தும். ஆப்பிரிக்காவிலே சில நாட்டுக் குடியானவர்கள் யானையை விரட்ட, கயிற்றிலே மிளகாய்த்தூளையும் பழைய கிரீசையும் பூசி வயலைச் சுற்றிக் கட்டுகிறார்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. எரிச்சல் கையிலே இருக்கிறது என்று நினைக்கிறோம். கையிலிருந்து புறப்படுவது சேதி மட்டும்தான். அது எங்கே போய்ச் சேருகிறது?

முதுகெலும்புக்கு உள்ளே, நம் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வடம் ஓடுகிறது. தண்டுவடம் என்று பெயர். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். விரல் நுனியிலிருந்து வருகிற நரம்பு ஒரே இழையாக, நடுவிலே முடிச்சே இல்லாமல், முதுகெலும்பு ஓரம் வரைக்கும் வருகிறது. அங்கே தண்டுவடத்துக்குப் பக்கத்திலே பயறு மாதிரி ஒரு சின்ன முண்டு. நரம்பு உயிரணுவின் உடல் இருப்பது அதிலேதான். இந்த முண்டை மறந்துவிடாதீர்கள், பின்னாலே மறுபடியும் வரும்.

சேதி வருகிற வேகத்தையும் பாருங்கள். வரப்பிலே நடக்கும்போது கல்லிலே கால் இடித்தால் முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி, ஒரு மூச்சு விட்டதும் 'விண் விண்' என்று இன்னொரு வலி வரும். இரண்டும் வேறு வேறு நரம்பு வழியாக வருகின்றன. முதல் வலி வருகிற இழை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். இரண்டாவது வலி வருகிற இழை மெலிசு, விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான். நாம் வண்டிப்பாதையிலே நடக்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் பெரும்பாலும் கிளறிவிடுவது இந்த மெதுநடை நரம்பைத்தான். அதனாலேதான் மிளகாய் எரிச்சல் வெட்டுக்காயம் மாதிரி சுரீரென்று இராமல், உமி நெருப்பு மாதிரி கனன்றுகொண்டே இருக்கிறது.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவிலே பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி சாம்பல் நிறம் தெரியும். அதன் பின்பக்கச் சிறகுக்குப் பின்கொம்பு என்று பெயர். அங்கே ஓர் அடுக்கு நுங்கு மாதிரி வழவழப்பாக இருக்கும். கையிலிருந்து வந்த இழை அந்த இடத்திலே முடிந்துவிடுகிறது. அடுத்த நரம்பு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மயிரிழைக்கும் குறைவான இடைவெளி. அதைத் தாண்டுவதற்குச் சேதி இரசாயனமாக மாறுகிறது. வந்த நரம்பு குளுட்டமேட் என்ற பொருளையும், 'பொருள் பி' என்ற இன்னொன்றையும் கொட்டுகிறது. இந்தப் பொருள் பி-யை 1931-ல் லண்டனிலே ஆய்லர், கேடம் என்ற இருவர் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். பொடியாக எடுத்ததனாலே, ஆங்கிலத்திலே பௌடருக்கு உள்ள முதல் எழுத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். விஞ்ஞானிகளும் நம்மைப்போலத்தான், அவசரத்துக்கு வைத்த பெயரே நிலைத்துவிடுகிறது.

கண்மாய்ப் பாசனம் தெரிந்த உங்களுக்கு நான் மடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பின்கொம்புதான் வலிக்கு மடை. வாய்க்காலிலே வந்த தண்ணீரெல்லாம் அப்படியே வயலுக்குப் போய்விடாது. மடை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுதான் போகும். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு அறிஞர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். அடிபட்ட இடத்தை நாம் ஏன் தடவிக்கொள்கிறோம்? தடவுகிற உணர்ச்சி வேறொரு நரம்பு வழியாக வந்து மடையைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறது. மூளையும் மேலேயிருந்து மடைக்கு உத்தரவு போடும். ஜல்லிக்கட்டிலே மாடு குத்தினவன் வாடிவாசலிலே ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பான். சாயங்காலம் வீட்டிலே உட்கார்ந்த பிறகுதான் 'அம்மா' என்பான். மடை அப்போதுதான் திறந்தது.

மடை திறந்துகொண்டு மூட மறுத்துவிட்டால் என்ன ஆகும்? ஆத்தாவின் சேலை முந்திக்கு வருவோம். காரம் பட்ட இடம் எரிவது சரி. காரம் படாத புறங்கையிலே, மணிக்கட்டிலே, துணி பட்டால்கூட ஏன் வலிக்க வேண்டும்? அமெரிக்காவிலே விருப்பப்பட்டு வந்தவர்களின் முன்கையிலே 100 மைக்ரோகிராம் காப்சைசினை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1991-ல் வெளிவந்த ஆராய்ச்சி. 100 மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமிலே பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஊசி போட்ட இடத்திலே கடும் எரிச்சல் சில நிமிஷங்கள் இருந்து தணிந்தது. ஆனால் அதைச் சுற்றிக் காரமே படாத இடத்திலே பஞ்சால் தடவினாலும் வலித்தது. அது மணிக்கணக்காக நீடித்தது.

அங்கே தோலிலே ஒரு கோளாறும் இல்லை. கோளாறு மடையிலே. எரிச்சல் சேதி வெள்ளமாக வந்ததனாலே பின்கொம்பு நரம்பு விழித்துக்கொண்டு, மடைப்பலகையை ஏகத்துக்குத் தூக்கிவிட்டது. பக்கத்து வாய்க்காலிலே வருகிற தொடு உணர்ச்சியும் வலி வாய்க்காலுக்குள் புகுந்துவிடுகிறது. தண்டுவடம் இப்படித் தானாகவே வலியைப் பெருக்கும் என்பதை 1983-ல் லண்டனிலே கிளிஃபர்டு வுல்ஃப் என்பவர் காட்டினார். அதற்கு முன்னால், வலி கூடினால் காயம் கூடியிருக்கிறது என்றுதான் வைத்தியர்களே நினைத்தார்கள். காயம் ஆறி மாதக்கணக்கான பிறகும் வலிக்குது என்று சொன்னவர்களை 'வேஷம் போடுறான்' என்று சொன்னதும் உண்டு. அது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போது தெரிகிறது. வீட்டிலே பெரியவர்கள் 'துணி பட்டாலே வலிக்குது' என்று சொன்னால் நம்புங்கள். மடை திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

காரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வருஷக்கணக்காக வத்தல் கிள்ளுகிறவர்களைக் கேட்டால், 'முதல்ல எரிஞ்சுது, இப்ப பழகிப்போச்சு' என்பார்கள். ஹங்கேரி நாட்டிலே செகெத் என்ற ஊர் நம் ராமநாதபுரம் மாதிரி மிளகாய்க்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலே யான்சோ என்ற பேராசிரியர் 1940-களிலே இந்தப் 'பழகிப்போச்சு' என்பதைத்தான் ஆராய்ந்தார். திரும்பத் திரும்பக் காப்சைசின் கொடுத்த எலிகளுக்குக் காரமும் உறைக்கவில்லை, எரிச்சல் தருகிற மற்ற இரசாயனங்களும் உறைக்கவில்லை. தொடு உணர்ச்சி மட்டும் அப்படியே இருந்தது. 1978-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், காப்சைசின் கொடுத்த எலிகளின் பின்கொம்பிலே பொருள் பி வெகுவாகக் குறைந்துபோனதைக் கண்டார்கள். ஆகா, இருப்பு தீர்ந்ததனாலேதான் வலி தெரியவில்லை என்று முடிவு கட்டினார்கள். பொருள் பி-யைத் தடுக்க மாத்திரைகளும் செய்தார்கள். மனிதர்களின் வலிக்கு அது எடுபடவில்லை. இன்றைக்குச் சொல்கிற விளக்கம் வேறு. கதவு வழியாகக் கால்சியம் அளவுக்கு மீறிப் பாய்ந்ததனாலே நரம்பு நுனியே வாடி, தோலிலிருந்து பின்வாங்கிவிடுகிறது. வாய்க்காலின் தலைப்பிலேயே தண்ணீர் நின்றுவிட்டால் மடைக்கு என்ன வரும்? சில வாரங்கள், மாதங்கள் கழித்து நுனி மறுபடியும் துளிர்க்கும்.

இந்தக் குணத்தை வைத்துத்தான் மருந்து செய்தார்கள். அக்கி வந்து ஆறின பிறகும் அந்த இடம் மாதக்கணக்காக எரிகிறதே, அந்த வேதனை பட்டவர்களுக்குத்தான் தெரியும். சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போகாமல், நான் முன்னே சொன்னேனே, தண்டுவடத்து ஓரத்து முண்டு, அதற்குள்ளேயே வருஷக்கணக்காக ஒளிந்திருந்து, வயசான காலத்திலே அக்கியாக வெளியே வருகிறது. நரம்பைக் கெடுத்துவிட்டுப் போகிறது. இந்த எரிச்சலுக்கு 8 சதவிகிதக் காப்சைசின் பட்டை ஒன்றை 2009-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். மருத்துவமனையிலே, கையுறை போட்டவர்கள், 1 மணி நேரம் ஒட்டி எடுப்பார்கள். பலன் கிடைத்தால் மூன்று மாதம் வரை இருக்கும். எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 0.025, 0.075 சதவிகிதத்திலே களிம்புகளும் உண்டு. மருத்துவர் சொன்னபடி தினம் மூன்று நான்கு தடவை பூச வேண்டும். முதல் வாரம் எரியும். அதைப் பார்த்துப் பயந்து பாதியிலே நிறுத்தினால் பலன் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், மடைக்கே மருந்து போட்டவர்களும் உண்டு. மொராக்கோ நாட்டிலே ஒரு கள்ளி. நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளிக்குச் சொந்தம். அதன் பாலிலே இருக்கிற ரெசினிபெராடாக்சின் என்ற பொருள் காப்சைசின் திறக்கிற அதே கதவைத்தான் திறக்கிறது, ஆனால் அதைவிடப் பல மடங்கு உக்கிரமாக. எலும்புப் புற்றுநோயாலே தவித்த நாய்களுக்கு இதைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரிலே ஊசியாகப் போட்டபோது வலி நன்றாகக் குறைந்தது என்று 2005-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதற்காகக் கள்ளிப்பாலைத் தொட்டுவிடாதீர்கள் அய்யா! கண்ணிலே பட்டால் பார்வை போய்விடும்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ நாமே மிளகாயை அரைத்து முட்டியிலே பூசலாமே' என்று யாராவது கிளம்பிவிடுவார்கள் என்றுதான் எனக்குப் பயம். வேண்டாம். களிம்பிலே இருப்பது பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு. வத்தலிலே ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து நூற்றில் ஒரு பங்கு வரை காரச்சத்து இருக்கும். ரகத்துக்கு ரகம் மாறும். அளவு தெரியாமல் பூசினால் தோல் வெந்து புண்ணாகும், மடையும் திறந்துகொள்ளும்.

சர்க்கரை நோய்க்காரர்கள் ரொம்பவும் கவனிக்க வேண்டும். சர்க்கரை முதலிலே கெடுப்பது உடம்பிலே நீளமான நரம்புகளை, அதாவது பாதத்துக்குப் போகிறவற்றை. 'எனக்கு மிளகாய்க் கரைசல் காலிலே பட்டாலும் எரியாது' என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கருவேலமுள் ஒன்று ஏறிச் சீழ் வைத்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. எரியவில்லை என்றால் மடைக்குச் சேதியே வரவில்லை என்று பொருள். இப்படிப்பட்டவர்கள் தினமும் ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்திலே பார்க்க வேண்டும், வயலிலே செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

நாய் கடித்த வாயிலே மிளகாய்த்தூளை வைத்து அழுத்துகிற பழக்கம் சில ஊர்களிலே இன்னும் இருக்கிறது. எரிந்தால் விஷம் முறிகிறது என்று நினைக்கிறார்கள். வெறிநாய்க் கிருமி நரம்பு வழியாகத்தான் தண்டுவடத்துக்கு ஏறி, மூளைக்குப் போகிறது. மிளகாய் அதைக் கொல்லாது. காயத்தைப் புண்ணாக்கும், கழுவுகிற வேலையையும் கெடுக்கும். கடித்த உடனே ஓடுகிற தண்ணீரிலே சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அப்புறம் அன்றைக்கே ஆஸ்பத்திரி, தடுப்பூசி. நோய் மூளைக்கு ஏறி அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். தாமதம் பண்ணாதீர்கள்.

கடைசியாக, பறிப்புக்குப் போகிறவர்களுக்கு. கையுறை இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வேலைக்கு முன்னால் கையிலே தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பூசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதலிலே தண்ணீரை ஊற்றாதீர்கள். மறுபடி எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரிலே கழுவுங்கள். காரம் எண்ணெயோடு வந்துவிடும். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் அரைக்கிறவர்களுக்கும் இதேதான். தெளிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியாலே கட்டிக்கொண்டு, காற்று போகிற திசையிலே தெளியுங்கள். எரிகிற கையைத் தடவினால் மடை இறங்கும் என்று சொன்னேனே, அதை மிளகாய்க் கையோடு செய்யாதீர்கள், காரம் பரவும். வாயிலே எரிந்தால் தண்ணீரைவிடப் பாலும் தயிரும் நல்லது. கண்ணிலே பட்டால் எண்ணெயும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். சுத்தமான தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் கண் திறக்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்கள் எண்ணெயும் சோப்பும் போட்டுக் கை கழுவின பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.